நடுங்கும் மகிழுந்து: காரணத்தைக் கண்டறிவோம்

மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகா, 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகம் கண்டது. 1994இல் பெரோடுவா கஞ்சில் சாலைக்கு வந்தது. அக்காலத்து மகிழுந்துகள் சில இன்றும் நம் குடியிருப்புகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சிலருக்கு அவை பழைய நாள்களின் நினைவுச் சின்னங்கள். வேறு சிலருக்கோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் பிழைப்பைத் தேடவும் இருக்கும் ஒரே வாகனம் அதுதான்.

இத்தகைய மகிழுந்துகளில் அடிக்கடி காணப்படும் குறை ஒன்று உண்டு. சாலையில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. சமிக்ஞை விளக்கில் நின்றவுடன் இருக்கையும் திசைமாற்றியும் நடுங்கத் தொடங்கும். இயந்திரம் மூச்சுத் திணறுவது போல் ஒலிக்கும். சில வேளைகளில் சந்தியின் நடுவிலேயே நின்றுவிடும். இந்நடுக்கத்தின் காரணத்தை எப்படிக் கண்டறிவது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஓய்வோட்டம் என்றால் என்ன?

மகிழுந்து நகராமல் நிற்கும்போது இயந்திரம் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். இந்நிலையை ஓய்வோட்டம் என்று அழைப்போம். நன்கு சூடேறிய இயந்திரம் ஒன்று ஓய்வோட்டத்தில் பொதுவாக நிமிடத்திற்கு 700 முதல் 900 முறை சுழலும்.

பெட்ரோல் இயந்திரத்தின் ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கு செயல்கள் மாறி மாறி நடைபெறுகின்றன. முதலில் காற்றும் எரிபொருளும் உள்ளே இழுக்கப்படுகின்றன. அடுத்து, பிஸ்டன் அக்கலவையை அழுத்துகிறது. பிறகு, ஸ்பார்க் பிளக் தரும் தீப்பொறியால் கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. இறுதியில் புகை வெளியேறுகிறது. இந்நான்கும் முடிவதற்குள் சுழல்தண்டு இரண்டு முறை சுழன்றுவிடும்.

இனி ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். நான்கு சிலிண்டர்களைக் கொண்ட இயந்திரம் நிமிடத்திற்கு 800 முறை சுழல்கிறது என வைத்துக்கொள்வோம். ஒரு சுழற்சிக்கு இரண்டு எரிதல்கள் என்ற கணக்கில் நிமிடத்திற்கு 1600 எரிதல்கள் நிகழும். அதாவது, வினாடிக்கு ஏறத்தாழ 27 எரிதல்கள். அவை சம இடைவெளியில் நிகழ்வதால் நம் உடலுக்கு அவை தனித்தனி அதிர்ச்சிகளாகத் தெரிவதில்லை. மெல்லிய முணுமுணுப்பாக மட்டுமே தெரிகின்றன.

இந்த நான்கில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் என்னவாகும்? நான்கு பேர் தோள்கொடுத்துத் தூக்கிச் செல்லும் பல்லக்கில் ஒருவர் மட்டும் கால் தடுமாறுவதைப் போன்றது அது. வினாடிக்கு ஏறக்குறைய ஏழு முறை ஒரு வெற்றிடம் ஏற்படும். அந்த வெற்றிடமே நாம் உணரும் உலுக்கல்.

நடுக்கம் ஓய்வோட்டத்தில் மட்டும் வெளிப்படுவதற்கும் காரணம் உண்டு. இயந்திரம் வேகமாகச் சுழலும்போது அதன் கனத்த சுழற்சக்கரம் தன் உந்தத்தால் சிறு குறைகளை மூடி மறைத்துவிடும். மெதுவாகச் சுழலும்போது அந்த உதவி குறைந்துவிடுகிறது. நிற்கும்போதுதான் இயந்திரம் தன் உண்மை நிலையைச் சொல்கிறது.

காரணங்களை வகைப்படுத்துவோம்

நடுக்கத்திற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். அவற்றை நான்கு வகைகளாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் நீங்கும்.

முதலாவது, தீப்பொறிக் குறை. தேய்ந்துபோன ஸ்பார்க் பிளக், வெடித்துப்போன பிளக் கம்பி, பழைய இயந்திரங்களில் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஏற்படும் விரிசல் ஆகியவை இதில் அடங்கும்.

இரண்டாவது, கலவைக் குறை. 1 கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. கார்பரேட்டரில் அழுக்கு அடைத்துக்கொண்டாலும் காற்று வடிகட்டி தூசியால் நிறைந்தாலும் இந்த விகிதம் மாறிவிடும். வெடித்த ரப்பர்க் குழாய் வழியே அளக்கப்படாத காற்று உள்ளே கசிந்தாலும் அப்படியே. ஓய்வோட்டத்தில் இயந்திரம் இழுக்கும் காற்று மிகக் குறைவு. எனவே, அப்போது சிறு கசிவும் பெரிய பங்கு வகிக்கும். வேகம் கூடும்போது இழுக்கப்படும் காற்று பன்மடங்காவதால் அதே கசிவு பொருட்படுத்தத் தேவையற்றதாகிவிடும்.

மூன்றாவது, அழுத்தக் குறை. வால்வு சரியாக மூடாவிட்டாலோ பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தாலோ கலவை போதிய அளவு அழுத்தப்படாது. அதனால் எரிதல் வலுவிழக்கும்.

நான்காவது, தாங்கிக் குறை. இயந்திரத்தை மகிழுந்தின் உடலோடு இணைக்கும் ரப்பர்த் தாங்கிகளை நம் நாட்டில் ‘மவுண்டிங்’ என்றே பலரும் அழைக்கின்றனர். இவை கிழிந்துபோனால், நன்றாக ஓடும் இயந்திரத்தின் இயல்பான அதிர்வுகூட நேராக இருக்கைக்கு வந்துவிடும்.

முதல் மூன்று வகைகளிலும் இயந்திரமே தடுமாறுகிறது. நான்காவதில் இயந்திரம் நலமாக இருக்கிறது. அதன் அதிர்வை உள்வாங்கும் பொருள்தான் பழுதடைந்திருக்கிறது. எனவே, “இயந்திரம் தடுமாறுகிறதா, இல்லையா?” என்பதே முதலில் விடை காண வேண்டிய கேள்வி. சுழற்சிமானியின் முள் அசையாமல் நிற்கிறது, புகைக்குழாயின் ஒலியும் சீராக இருக்கிறது, ஆனால் இருக்கை நடுங்குகிறது என்றால் தாங்கிகளைச் சந்தேகிக்கலாம். முள் ஏறி இறங்குகிறது, புகைக்குழாய் விட்டுவிட்டு ஒலிக்கிறது என்றால் குறை இயந்திரத்திற்குள் இருக்கிறது. சுழற்சிமானி இல்லாத பழைய மகிழுந்துகளில், பட்டறையில் உள்ள அளவுகருவியைப் பொருத்திப் பார்ப்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

காலைச் சந்தையில் பலகாரம் விற்கும் தாயார் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கார்பரேட்டர் பொருத்தப்பட்ட 1.3 லிட்டர் சாகா ஒன்று அவரிடம் இருக்கிறது. விடியற்காலையில் பாத்திரங்களை ஏற்றிச் செல்ல அவருக்கு வேறு வாகனம் இல்லை. அந்த மகிழுந்து நிற்கும்போதெல்லாம் நடுங்கத் தொடங்கியது.

முதலில் சென்ற பட்டறையில், பார்த்தவுடனே தாங்கிகளைக் குறை கூறி எல்லாவற்றையும் மாற்றினார்கள். நடுக்கம் சற்றே குறைந்தது, நிற்கவில்லை. இரண்டாவது பட்டறையில், கார்பரேட்டரில் உள்ள திருகைத் திருப்பி ஓய்வோட்ட வேகத்தை உயர்த்தினார்கள். நடுக்கம் மறைந்தது. ஆனால், பெட்ரோல் செலவு கூடியது. சில வாரங்களில் நடுக்கமும் திரும்பி வந்தது. நூற்றுக்கணக்கான ரிங்கிட் செலவான பிறகும் குறை அப்படியே இருந்தது. இரண்டு இடங்களிலும் நடுக்கத்தை மறைத்தார்களே தவிர, காரணத்தை யாரும் தேடவில்லை.

மூன்றாவது பட்டறைக்காரர் உடனே கருவியைக் கையில் எடுக்கவில்லை. கேள்விகள் கேட்டார்.

“அக்கா, வண்டி எப்போது அதிகமாக நடுங்குகிறது?”

“சமிக்ஞை விளக்கில் நிற்கும்போதுதான், தம்பி. எண்ணெயை மிதித்துவிட்டால் சரியாகிவிடும்.”

“காலையில் முதன்முதலாக முடுக்கும்போதா, சூடான பிறகா?”

“இரண்டு வேளையும்தான். குளிர்சாதனத்தைத் திறந்தால் இன்னும் மோசம்.”

“பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கடினமாக இருக்கிறதா?”

“இல்லை, தம்பி. பிரேக் எப்போதும்போல்தான் இருக்கிறது.”

“இது திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியதா?”

“கொஞ்சம் கொஞ்சமாகத்தான். முதலில் நான் கண்டுகொள்ளவில்லை.”

இக்கேள்விகள் ஒவ்வொன்றிற்கும் பொருள் உண்டு. குளிர்ந்திருக்கும்போது மட்டும் நடுங்கினால், தொடக்கத்தில் கலவையைச் செறிவாக்கும் சோக் அமைப்பைக் கவனிக்க வேண்டும். குளிர்சாதனத்தைத் திறந்தால் மட்டும் நடுங்கினால், கூடுதல் சுமைக்கேற்ப ஓய்வோட்ட வேகத்தை உயர்த்தும் அமைப்பைப் பார்க்க வேண்டும். சாலையில் ஏற்றம் ஏறும்போதும் உலுக்கினால், தீப்பொறிக் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓய்வோட்டத்தில் மட்டும் நடுங்கி, வேகத்தில் சரியாகிவிட்டால், காற்றுக் கசிவோ வால்வுக் கோளாறோ இருக்கலாம். பிரேக் பற்றிய கேள்வியும் காரணத்தோடுதான் கேட்கப்பட்டது. பிரேக்கிற்குத் துணைபுரியும் அமைப்பு, இயந்திரம் காற்றை உறிஞ்சும் ஆற்றலைக் கொண்டே இயங்குகிறது. அதற்குச் செல்லும் குழாயில் கசிவு இருந்தால் இயந்திரமும் நடுங்கும். பிரேக் மிதியும் கடினமாகிவிடும். அப்படிப்பட்ட மகிழுந்தை ஓட்டிச் செல்வதே ஆபத்து.

சோதனை, ஒவ்வொன்றாக

கேள்விகளுக்குப் பிறகு பட்டறைக்காரர் போனட்டைத் திறந்தார். சுழற்சியை அளந்தபோது அது நிலையாக இல்லை. எனவே, குறை இயந்திரத்திற்குள்தான் என்பது உறுதியாயிற்று. அடுத்து, எந்தச் சிலிண்டர் என்பதைக் கண்டறிய வேண்டும்.

அதற்கு அவர் கையாண்ட முறை எளிமையானது. மின்சாரம் பாயாத பிடியுள்ள கருவியைக் கொண்டு, ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் கம்பியையும் சிறிது நேரம் துண்டித்துப் பார்த்தார். முதல் சிலிண்டரைத் துண்டித்தபோது இயந்திரம் மேலும் தடுமாறியது. இரண்டாவதிலும் நான்காவதிலும் அப்படியே நடந்தது. மூன்றாவதைத் துண்டித்தபோது மட்டும் எந்த மாற்றமும் இல்லை. வேலை செய்பவரை நிறுத்தினால்தான் வேலை கெடும். ஏற்கெனவே சும்மா இருப்பவரை நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. மூன்றாம் சிலிண்டர்தான் சோம்பி இருந்தது.

இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்ட பிறகு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். அவற்றின் நிறம் இயந்திரத்தின் உள்நிலையைக் காட்டும் கண்ணாடி. இளம்பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், இயந்திர எண்ணெய் சிலிண்டருக்குள் நுழைகிறது எனப் பொருள். வெளுத்திருந்தால் காற்று மிகுதியாகவோ வெப்பம் மிகுதியாகவோ இருக்கலாம். மூன்று பிளக்குகள் இளம்பழுப்பாக இருந்தன. மூன்றாம் சிலிண்டரின் பிளக் மட்டும் வெளுத்திருந்தது.

இது நல்ல தடயம். ஆயினும், ஒரு தடயத்தைக் கொண்டு தீர்ப்பு எழுதிவிட முடியாது. அவர் மூன்றாம் சிலிண்டரின் பிளக்கை முதல் சிலிண்டரிலும், முதல் சிலிண்டரின் பிளக்கை மூன்றாவதிலும் பொருத்தினார். பிளக்கில் குறை இருந்தால் அக்குறை பிளக்கோடு முதல் சிலிண்டருக்கு இடம் மாறியிருக்க வேண்டும். ஆனால், மூன்றாம் சிலிண்டரே மீண்டும் சோம்பியது. ஆகவே, பிளக் குற்றமற்றது. அடுத்து, மூன்றாவதன் பிளக் கம்பியை மட்டும் நல்ல கம்பி ஒன்றால் மாற்றினார். அப்போதும் மாற்றமில்லை. கம்பியும் குற்றமற்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் பிளக்கையும் கம்பியையும் ஒரே நேரத்தில் மாற்றவில்லை. இரண்டையும் சேர்த்து மாற்றிக் குறை நீங்கினால், எது காரணம் என்று சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்துக்கொள்வதே சோதனையின் அடிப்படை விதி. அறிவியல் கூடத்தில் நீங்கள் பின்பற்றும் அதே விதிதான் இது.

தீப்பொறி சரியாக இருக்கிறது. பிளக் வெளுத்திருக்கிறது. ஓய்வோட்டத்தில் மட்டும் நடுக்கம். இம்மூன்றும் சேர்ந்து காற்றுக் கசிவையே சுட்டின. அவர் ஒரு நீண்ட குழாயின் ஒரு முனையைத் தன் காதில் வைத்து, மறுமுனையை இயந்திரத்தின் அருகே மெல்ல நகர்த்தினார். மருத்துவர் நெஞ்சொலி கேட்பதைப் போன்ற காட்சி அது. மூன்றாம் சிலிண்டருக்குக் காற்று செல்லும் கிளையின் அடிப்பக்கத்தில் ‘உஸ்’ என்ற சீறல் கேட்டது. அங்கே பொருத்தப்பட்டிருந்த சிறு ரப்பர்க் குழாய் ஒன்று, பல்லாண்டு வெப்பத்தால் இறுகி வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் அந்த வெடிப்பு தெரியாது.

அவர் குழாயை, வெடிப்புக்கு முன்னால், இடுக்கியால் இறுக்கிப் பிடித்தார். நடுக்கம் உடனே அடங்கியது. விட்டவுடன் மீண்டும் நடுங்கியது. மறுபடியும் பிடித்தார், மறுபடியும் அடங்கியது. காரணத்தை நீக்கினால் விளைவு நீங்குகிறது. காரணம் திரும்பினால் விளைவும் திரும்புகிறது. இதற்கு மேல் சான்று தேவையில்லை. அடுத்த கட்டமாகச் செய்ய எண்ணியிருந்த அழுத்தச் சோதனைக்கு அவசியமே ஏற்படவில்லை. சில அங்குல நீளமுள்ள புதிய குழாய் பொருத்தப்பட்டது. முன்பு உயர்த்தப்பட்டிருந்த ஓய்வோட்ட வேகமும் உரிய அளவுக்கு இறக்கப்பட்டது.

குழாயை மாற்றியும் குறை நீங்காமல் இருந்திருந்தால், அழுத்தமானியைப் பொருத்தி நான்கு சிலிண்டர்களையும் ஒப்பிட்டிருப்பார். ஒன்றின் அழுத்தம் மட்டும் மிகக் குறைந்திருந்தால், அச்சிலிண்டரில் சிறிதளவு இயந்திர எண்ணெயை ஊற்றி மீண்டும் அளப்பார்கள். அளவு உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன எனலாம். உயராவிட்டால் வால்வுகளையோ, சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் உள்ள கேஸ்கட்டையோ சந்தேகிக்கலாம்.

கணினி இருந்தால் போதாதா?

எரிபொருளைக் கணினி வழியாகக் கட்டுப்படுத்தும் பிற்கால மகிழுந்துகளில், ஸ்கேனர் கருவியைப் பொருத்திக் குறைக் குறியீட்டைப் படிக்கலாம். எடுத்துக்காட்டாக, பி0303 என்ற குறியீடு மூன்றாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதைத் தெரிவிக்கும். இது பெரிய உதவிதான். ஆனால், குறியீடு முகவரியைத்தான் சொல்கிறது. அவ்வீட்டில் குற்றவாளி யார் என்பதைச் சொல்வதில்லை. பிளக்கா, மின்சுருளா, எரிபொருள் தெளிப்பானா, காற்றுக் கசிவா என்பதை மனிதர்தான் மேற்கொண்டு ஆராய வேண்டும். மேலும், இத்தகைய மகிழுந்துகளின் புகைக்குழாயில் நச்சுவாயுவைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி உண்டு. எரிதல் தவறும் இயந்திரத்தைத் தொடர்ந்து ஓட்டினால், எரியாத பெட்ரோல் அங்கே சென்று எரிந்து, விலை உயர்ந்த அப்பகுதியைப் பாழாக்கிவிடும். சிறு குறையைத் தள்ளிப்போடுவது பெரிய செலவை அழைத்து வரும்.

பாதுகாப்பே முதன்மை

ஓடும் இயந்திரத்தின் அருகில் நிற்பது விளையாட்டல்ல. பின்வருவனவற்றை எப்போதும் நினைவில் கொள்ளுங்கள்.

மூடிய இடத்தில் இயந்திரத்தை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது உயிரைப் பறிக்கக்கூடியது.

பிளக் கம்பிகளில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் பாய்கிறது. அவற்றைத் துண்டிக்கும் சோதனையைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும்.

தொளதொளவென்ற உடை, தொங்கும் சங்கிலி, கட்டாத நீண்ட கூந்தல் ஆகியவை சுழலும் பட்டைகளில் சிக்கிக்கொள்ளலாம். மின்விசிறி, இயந்திரத்தை நிறுத்திய பிறகும் தானாகச் சுழலக்கூடும்.

மாணவர்கள் செய்யத்தக்கது கவனித்தல், கேட்டல், குறித்துவைத்தல் ஆகியவையே. எப்போது நடுங்குகிறது, எப்போது நிற்கிறது என்ற குறிப்புகளைத் தெளிவாக எழுதிப் பெற்றோரிடம் கொடுத்தாலே பட்டறைக்காரரின் வேலையில் பாதி குறையும்.

பதறாத காரியம் சிதறாது

நோய் எதுவெனக் கண்டு, அதன் காரணத்தைக் கண்டு, தணிக்கும் வழியைக் கண்டு, பின்னர்ப் பொருந்தும்படி மருத்துவம் செய்ய வேண்டும் என்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் கூறுகிறது. பட்டறைக்கும் இந்த வரிசை பொருந்தும். பார்த்தவுடன் பொருளை மாற்றுவது ஊகம். கேட்டு, பார்த்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, சான்றோடு முடிவுக்கு வருவதே கண்டறிதல். ஊகம் சில வேளைகளில் பலிக்கலாம். பலிக்காதபோது அதன் விலையைக் கொடுப்பவர், அடுத்த நாள் விடியலில் அந்த மகிழுந்தை நம்பியிருப்பவர்.

பழுதுபார்ப்புத் துறையில் ஆர்வமுள்ள மாணவர்கள் தொழிற்கல்லூரிகளிலும் ஜியாட்மாரா பயிற்சி மையங்களிலும் வாகனத் தொழில்நுட்பம் பயிலலாம். மலேசியத் திறன் சான்றிதழையும் பெறலாம். கை திறமையோடு ஆராயும் அறிவும் பொறுமையும் சேர்ந்தால்தான் அத்தொழிலில் ஒருவர் நம்பிக்கைக்கு உரியவராக விளங்க முடியும்.

சிந்தித்து விடை கூறுக

1. நடுக்கம் ஓய்வோட்டத்தில் மட்டும் தெளிவாக வெளிப்படுவது ஏன்?

2. மூன்றாம் சிலிண்டரின் பிளக் கம்பியைத் துண்டித்தபோது மாற்றம் ஏற்படாததிலிருந்து பட்டறைக்காரர் எதை அறிந்துகொண்டார்? விளக்குக.

3. முதல் இரண்டு பட்டறைகளின் அணுகுமுறைக்கும் மூன்றாவது பட்டறையின் அணுகுமுறைக்கும் உள்ள வேறுபாடுகளை உன் சொந்த நடையில் எழுதுக.

4. ‘ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்’ என்னும் விதி உன் அன்றாட வாழ்வில் எங்கெல்லாம் பயன்படும்? இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.